பச்சை விளக்கு எரிந்தால் போதும்

ஜூன் 4

அன்புள்ள கப்பல்காரருக்கு,

நீங்கள் ஏறிய டாக்ஸி தெருமுனை திரும்புவதற்குள் மாமா கேட்டுவிட்டார். "அலமாரியில என்னமோ மஞ்சளா மினுக்குதேம்மா, அது சரிதானா?" உங்கள் அப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்வது? "அரை மணி நேர வேலை" என்று தொடங்கி, விடுப்பின் கடைசி வாரம் முழுவதையும் அதிலேயே கழித்து, பாதியில் விட்டுவிட்டுப் போனது நீங்கள். இப்போது வீட்டில் எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். பட்டம் வாங்கிய மருமகள் அல்லவா. மொழியியல் பட்டத்துக்கும் ரவுட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கப்பலில் போன் பேச முடியாது, வெறும் எழுத்து மட்டும்தான் போகும், அதையும் சிக்னல் கிடைக்கும்போது மூட்டையாகக் கட்டித்தான் அனுப்புவார்கள் என்று சொன்னீர்கள். எனக்கு அது வசதிதான். நேரில் இருந்தால் இதில் கால்வாசிகூடப் பேசியிருக்க மாட்டேன்.

நிலவரம் இதுதான். கறுப்புப் பெட்டி ரவுட்டருக்குப் பக்கத்தில் நீங்கள் வைத்த இடத்திலேயே இருக்கிறது. வீட்டில் எந்தக் கம்ப்யூட்டர் செத்தாலும் அதிலிருந்ததெல்லாம் நகலாக இந்தப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும், எல்லாம் வைஃபையில் தானாகப் போய்ச் சேரும் என்றீர்கள். மாமா ஆங்கிலம் கலக்காமல் அதற்குக் 'காப்புப் பெட்டி' என்று பெயர் வைத்திருக்கிறார். "காப்பா? யாருக்கு வாங்கினீங்க?" என்று அத்தை தன் வெறுங்கையைத் தடவிக்கொண்டே அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

மாமாவின் மேசைக் கம்ப்யூட்டர் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கிறது. அத்தையின் லேப்டாப், அவர் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கும்போது, 'பெட்டியைக் காணவில்லை' என்று திரையின் நடுவில் சிவப்பாக எழுதுகிறது. வகுப்பே சிரிக்கிறதாம். உங்கள் தங்கை தன் கட்டட வரைபடங்கள் பாதி ஏறிக்கொண்டிருக்கும்போதே மூடியைச் சாத்திப் பையில் போட்டுக்கொண்டு கல்லூரிக்கு ஓடிவிடுகிறாள். ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிப்பதுபோல அவளுடைய முதல் நகல் இன்னும் நிரம்பிக்கொண்டே இருக்கிறது. நான்காவது, நான் வேலை செய்யும் ஹால் கம்ப்யூட்டர். அது ஒரு பக்கத்தைத் திறப்பதற்குள் நான் போய்த் துணி உலர்த்திவிட்டு வந்துவிடலாம்.

அந்த மெதுவான கம்ப்யூட்டரில்தான் என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் இருக்கிறது. மாதக் கடைசிக்குள் நெறியாளரிடம் கொடுத்தாக வேண்டும். முன்பெல்லாம் பென் டிரைவில் ஒரு நகல் வைத்திருப்பேன். "பெட்டி இருக்கும்போது இது எதுக்கு?" என்று நீங்கள்தான் அதில் பாட்டு ஏற்றி எடுத்துக்கொண்டு போனீர்கள்.

ஆகவே பெட்டியின் பாஸ்வேர்டை எழுதுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று நான் பார்க்க வேண்டும். மஞ்சள் விளக்குக்கு என்ன அர்த்தம் என்றும் எழுதுங்கள்.

பூனை


ஜூன் 11

பூனைக்கு,

நீ இவ்வளவு எழுதுவாய் என்று தெரிந்திருந்தால் கல்யாணமான மறுநாளே கப்பல் ஏறியிருப்பேன். வீட்டில் நீ நடந்தால் சத்தம் கேட்காது, பேசினாலும் கேட்காது. 'இந்தப் பூனையும் பால் குடிக்குமா' என்று நினைத்தால் ஒரு குடமே குடித்து வைத்திருக்கிறாய்.

மஞ்சள் என்றால் வேலை நடக்கிறது. பச்சை என்றால் முடிந்தது. அம்மாவின் லேப்டாப்பில் வைஃபை கோளாறாக இருக்கும். ரவுட்டரை அணைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துப் போடு. தங்கச்சியிடம் மூடியைத் திறந்தே வைக்கச் சொல். நீ சொன்னால் கேட்பாள்.

பாஸ்வேர்டு உனக்கு வேண்டாம். அதற்குள் போய் ஒரு பொத்தானைத் தப்பாக அழுத்தினால் எல்லாருடையதும் போய்விடும். வீண் குழப்பம். நான் எல்லாவற்றையும் சரியாக வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். பச்சை விளக்கு எரிந்தால் போதும் என்று இருந்துகொள்.

இங்கே ஜெனரேட்டர் ஒன்று மக்கர் பண்ணுகிறது. எண்ணெயும் கையுமாக இருக்கிறேன். அறையில் உன் பென் டிரைவ்தான் பாடுகிறது. நீ நிம்மதியாக அத்தியாயத்தை முடி. எல்லாருடையதும் பெட்டியில் இருக்கிறது.

உன் கப்பல்காரன்


ஜூன் 15

அன்புள்ள கப்பல்காரருக்கு,

அது வைஃபை கோளாறு இல்லை. உங்கள் கடிதம் வருவதற்குள் நானே கண்டுபிடித்துவிட்டேன். கோளாறின் பெயர் அத்தை.

மதியச் சாப்பாடு முடிந்ததும் அவர் வீட்டை ஒரு சுற்று சுற்றி, எரிகிற சுவிட்சை எல்லாம் அணைத்துவிட்டுத்தான் படுக்கிறார். காப்புப் பெட்டியும் அதில் சேர்த்தி. மாலையில் அவர் வகுப்பு எடுத்து முடித்த பிறகு யாராவது விளக்கைப் போடும்போது, பெட்டிக்கும் சேர்த்து உயிர் வருகிறது. மாமா கம்ப்யூட்டர் தொடுவது அந்த நேரத்தில்தான் என்பதால் அவருடையது மட்டும் ஒழுங்காகச் சேர்ந்திருக்கிறது.

அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று நாள்கணக்கில் யோசித்தேன். பூனைக்கு யார் மணி கட்டுவது என்பார்கள். இங்கே பூனையே போய் மணி கட்ட வேண்டியிருக்கிறது.

"அத்தை, அந்தப் பெட்டி..."

"எந்தப் பெட்டி?"

"காப்புப் பெட்டி. சுவிட்சு அணைஞ்சிருக்கு."

"நான்தான் அணைச்சேன். ஆளில்லாத ஹால்ல அது என்னத்துக்குக் கெடந்து கண்ணடிச்சுக்கிட்டு இருக்கு? தொட்டுப் பாத்தா சூடு வேற."

"அது எப்பவும் எரியணுமாம்."

"யாரு சொன்னா?"

"அவர்தான்."

"அவனே சொல்லிட்டானா? அப்ப சரி. அவனே கப்பல்ல இருந்து நீந்தி வந்து சுவிட்சைப் போடட்டும்."

சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். நான் நின்றேன். அவர் குறட்டை கேட்டதும் போய்ச் சுவிட்சைப் போட்டேன். இப்போது தினமும் இதுதான் நடக்கிறது. அவர் அணைக்கிறார், நான் போடுகிறேன், எழுந்ததும் அவர் மறுபடி அணைத்துவிட்டு வகுப்புக்கு உட்காருகிறார். இரண்டு பேருமே இதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

உங்கள் தங்கையிடம் மூடியைத் திறந்தே வைக்கச் சொன்னேன். "அண்ணி, பஸ்ல எப்படி அண்ணி திறந்தே வைக்கிறது?" என்றாள்.

இன்னொன்று கேட்க வேண்டும். இதை மறக்காமல் படியுங்கள். ஹால் கம்ப்யூட்டரில் நான் நுழையும் கணக்குக்கு 'விருந்தாளி' என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். நான் வந்த புதிதில் அவசரத்துக்குப் போட்டுக் கொடுத்தது, நினைவிருக்கிறதா? பேக்கப் முடிந்ததும் எத்தனை ஃபைல் நகல் எடுத்தது என்று ஒரு வரி வருகிறது. நான் நாளெல்லாம் எழுதினாலும் அந்த எண் மாறுவதே இல்லை. என்னுடையது அதில் சேருகிறதா? பெட்டியைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். அதற்குத்தான் பாஸ்வேர்டு கேட்டேன்.

உங்கள் வீட்டில் எல்லாரிடமும் நிறைய இருக்கிறது, ஒன்று போனால் இன்னொன்று. என்னிடம் இருப்பது இந்த அத்தியாயம்தான். என் அம்மா வேலை செய்கிற ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் இயந்திரங்களின் இரைச்சலில் யார் பேசினாலும் கேட்காது. அதனால் அங்கே இருக்கும் பெண்கள் பாதிப் பேச்சைக் கையால் பேசுகிறார்கள். யாரும் சொல்லித் தராமல் அவர்களாகவே உண்டாக்கிக்கொண்ட மொழி. மணிக்கட்டில் இரண்டு விரலால் தட்டினால் சூப்பர்வைசர் வருகிறார். கட்டைவிரலால் மோவாயைத் தொட்டால் 'அப்புறம் சொல்றேன்'. காதைத் தொட்டால் 'சும்மா அளக்கிறான், நம்பாதே'. நான் ஒலிப்பதிவு செய்ததில் வெறும் இரைச்சல்தான் இருக்கிறது. அம்மா வேலை முடிந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, செய்து காட்டிக் காட்டி, நான் அடைப்புக்குறிக்குள் எழுதி வைத்தவைதான் அத்தியாயமே. படிப்பு வாசனையே இல்லாத வீட்டிலிருந்து, படிக்காதவர் ஒருவர்கூட இல்லாத வீட்டுக்கு வந்திருக்கிறேன். அந்த வீட்டைப் பற்றி இந்த வீட்டில் உட்கார்ந்து எழுதும்போது ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை படித்துப் பார்க்கிறேன். அது தொலையக் கூடாது.

பதில் எழுதுங்கள்.

பூனை


ஜூன் 21

சந்தேகப் பிராணிக்கு,

ஹால் என்றால் ஹால் முழுக்கத்தான். நீ ஹாலில்தானே உட்கார்ந்திருக்கிறாய்? பிறகென்ன? கணக்குக்கு என்ன பெயர் வைத்தால் என்ன, கம்ப்யூட்டருக்கு எல்லாம் ஒன்றுதான். வந்ததும் மாற்றித் தருகிறேன். அந்த எண் ஏதோ பழைய கணக்காக இருக்கும். விட்டுத் தள்ளு.

அம்மா இப்படித்தான். சின்ன வயதில் நான் படித்துக்கொண்டிருக்கும்போதே விளக்கை அணைப்பார். கண்டுகொள்ளாதே.

கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்று முதல் கடிதத்திலேயே அழுதாய் அல்லவா? உனக்குச் சிரமம் வேண்டாம் என்று அப்பாவுக்கே தனியாக எழுதிவிட்டேன். தங்கச்சி அதை மொத்தமாக அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுத் தருவாள். படிப்படியாக எழுதியிருக்கிறேன், திரும்ப எடுக்க மட்டும் பாஸ்வேர்டு தேவையில்லை. அதுதான் பேக்கப் இருக்கிறதே, பயமில்லை. அழித்துவிட்டு, பெட்டியிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். இனி உன் கம்ப்யூட்டர் பறக்கும் பார்.

ஜெனரேட்டர் சரியாகிவிட்டது. கேப்டன் தோளில் தட்டினார்.

உன் கப்பல்காரன்


ஜூன் 24

உங்களுக்கு,

ஹால் கம்ப்யூட்டர் இப்போது பறக்கிறது. உள்ளே பாரம் எதுவும் இல்லையே.

நீங்கள் மாமாவுக்கு எழுதியதும் எனக்கு எழுதியதும் ஒரே மூட்டையில் வந்திருக்கின்றன. நான் அதைப் பார்க்காமல் காலையிலேயே கல்லூரிக்குப் போய்விட்டேன். அத்தியாயம் முடிந்தது என்று நெறியாளரிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று ஆசை. பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். "நாளைக்கே அனுப்பிடறேன் மேடம்" என்று திக்காமல் சொன்னேன். அவர் எழுந்து நின்று கை கொடுத்தார். எனக்கு அப்படி யாரும் கை கொடுத்ததில்லை.

திரும்பி வந்தால் உங்கள் தங்கை வாசலிலேயே நிற்கிறாள். "அண்ணி, ஓடி வாங்க! உங்க மாட்டுவண்டியை ராக்கெட் ஆக்கியாச்சு!"

உட்கார்ந்தேன். திரையில் உங்கள் பெயர் மட்டும் இருந்தது.

"என் கணக்கு எங்க?"

"எது அண்ணி?"

"விருந்தாளி."

அவள் முகம் மாறியது. "அது... நீங்களா?"

அழிப்பதற்கு முன்னால் அவளும் கவனித்திருக்கிறாள். 'விருந்தாளின்னு ஒண்ணு இருக்குப்பா, இது யாரு?' என்று கேட்டிருக்கிறாள். மாமா செய்தித்தாளைக் கீழே இறக்காமலே சொன்னாராம்: "யாராவது வந்தப்ப போட்டதா இருக்கும். விருந்தாளி இன்னைக்கு வருவாங்க, நாளைக்குப் போவாங்க. அழிச்சிடு."

அழித்துவிட்டாள். பிறகு பெட்டியிலிருந்து ஹாலைத் திரும்ப எடுத்தார்கள். உங்களுடையது எல்லாம் பத்திரமாக வந்துவிட்டது. கல்லூரிச் சுற்றுலாப் படங்கள், கார் பந்தய விளையாட்டில் நீங்கள் எந்தக் கட்டத்தில் நிறுத்தினீர்களோ அந்தக் கட்டம், 'புதிய ஃபோல்டர்', அதற்குள் இன்னொரு 'புதிய ஃபோல்டர்', அதற்குள் ஒன்றுமே இல்லாத ஒரு 'புதிய ஃபோல்டர்'. ஒன்றும் இல்லாததைக்கூட உங்கள் பெட்டி நகல் எடுத்து வைத்திருக்கிறது. என்னுடையதை எடுக்கவில்லை.

அத்தை வந்து பார்த்துவிட்டு, "பேர்ல விருந்தாளின்னு இருந்தா எங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார். நியாயம்தான். உங்கள் தங்கை அழ ஆரம்பித்துவிட்டாள். அவளுக்கு டீ போட்டுக் கொடுத்துத் தேற்றியதும் நான்தான். மாமா அலமாரியைத் திறந்து பெட்டியைக் குனிந்து பார்த்தார்.

"பச்சையாத்தானே எரியுது?" என்றார்.

விருந்தாளி


ஜூன் 29

பூனைக்கு,

கடிதத்தைப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் பிடிக்கவில்லை. என்ன நடந்திருக்கும் என்று இப்போது புரிகிறது. அந்தப் பேக்கப் புரோகிராமை நான் என் கணக்கிலிருந்து போட்டேன். அது போட்டவனுடைய ஃபோல்டரை மட்டும் எடுத்துக்கொள்ளும். மற்ற கணக்குகளை நாமாகப் போய் டிக் செய்ய வேண்டும். அது அந்தப் புரோகிராமின் குறை. நிறையப் பேர் இதில் ஏமாந்திருக்கிறார்கள்.

பதற்றப்படாதே. அழித்ததை மீட்கிற புரோகிராம்கள் இருக்கின்றன. தங்கச்சியிடம் சொல்லி ஒன்றைப் போட்டுப் பார். அதுவும் சரிவராவிட்டால், ஒலிப்பதிவுதான் உன் கைப்பேசியில் இருக்குமே? கேட்டுக் கேட்டு மறுபடி டைப் செய்துவிடலாம். இரண்டாவது தடவை எழுதும்போது இன்னும் நன்றாகவே வரும். அப்பாவிடம் எதுவும் கோபமாகப் பேசிவிடாதே. அவர் வேண்டுமென்று செய்யவில்லை.

உன் கப்பல்காரன்


ஜூலை 3

உங்களுக்கு,

இதை என் அம்மா வீட்டிலிருந்து கைப்பேசியில் எழுதுகிறேன். மாமாவிடம் கோபமாகப் பேசவில்லை. நான் யாரிடம் கோபமாகப் பேசியிருக்கிறேன்? "அம்மா வீட்டுக்குப் போய்ட்டு வரேன்" என்றேன். அத்தை, "எப்ப வருவே?" என்றார். "தெரியல" என்றேன். அந்த வீட்டில் நான் சொன்னதிலேயே துணிச்சலான பதில் அதுதான் என்று தோன்றுகிறது.

மீட்கிற புரோகிராமைப் போட்டுப் பார்த்தோம். கந்தல் கந்தலாக ஏதேதோ வந்தது. திறந்தால் எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்கள். நெறியாளரிடம் சொன்னேன். "பேக்கப் வச்சுக்கலையாம்மா?" என்று கேட்டார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த தோழி கேட்டாள், "பேக்கப் இல்லையா?" சலவைக் கூடத்து சூப்பர்வைசர்கூடக் கேட்டுவிட்டார். ஊரில் எல்லாருக்கும் அது தெரிந்திருக்கிறது. இல்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஏனென்றால் இருக்கிறது. வீட்டிலேயே இருக்கிறது. நான் மட்டும் அதில் இல்லை.

மறுபடி டைப் செய்துவிடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒலிப்பதிவில் இரைச்சல்தான் இருக்கிறது என்று ஜூன் பதினைந்தில் எழுதினேன். நீங்கள் படிக்கவில்லை. கணக்கின் பெயரைக் கேட்டேன். விட்டுத் தள்ளு என்றீர்கள். எண் மாறவில்லை என்றேன். பழைய கணக்கு என்றீர்கள். பாஸ்வேர்டு கேட்டேன். குழப்பம் என்றீர்கள். புரோகிராமின் குறை என்று இப்போது எழுதுகிறீர்கள். புரோகிராம் என்னிடம் எதுவும் சத்தியம் செய்யவில்லை. 'எல்லாருடையதும்' என்று எழுதியது நீங்கள். அந்த 'எல்லாரில்' நான் இருக்கிறேனா என்று ஒரு நிமிஷம் போய்ப் பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம்.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். 'இரண்டாவது தடவை இன்னும் நன்றாக வரும்' என்ற இடம் வந்ததும் அம்மா என் பக்கம் திரும்பினார். காதைத் தொட்டார்.

நாங்கள் மறுபடி ஆரம்பித்திருக்கிறோம். அம்மா வேலையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டு உட்காருகிறார். சோடாவில் வெந்த விரல்கள். முதல் தடவை சிரித்துக்கொண்டே செய்து காட்டினார். இப்போது களைப்பாகச் செய்கிறார். "இதைத்தான் போன தடவையே சொன்னேனேடி" என்கிறார். சில மறந்துவிட்டன. கஞ்சித் தொட்டிப் பக்கம் நிற்கும் அக்காவுக்கு மட்டும் ஒரு சைகை உண்டு. உள்ளங்கையைத் தோளில் வைத்துத் திருப்புவார். அதற்கு என்ன பொருள் என்று அவரே சொல்லி எழுதியிருந்தேன். அம்மாவுக்கு அது தெரியாது. அந்த அக்கா வேலையை விட்டு மகள் ஊருக்குப் போய்விட்டார். எனக்கும் நினைவில்லை. எழுதி வைத்திருக்கிறோமே என்ற தைரியத்தில்தான் மறந்தேன்.

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டும் என்று இல்லை.


ஜூலை 10

உனக்கு,

ஜூன் பதினைந்துக் கடிதத்தை இப்போதுதான் முழுதாகப் படித்தேன். அன்று ஜெனரேட்டர் வேலையின் நடுவே, என்ன கேட்டிருக்கிறாய் என்று மட்டும் தேடிப் பார்த்துப் பதில் போட்டேன். கேட்டது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அதுதான் தப்பு.

பென் டிரைவில் பழைய நகல் மிச்சம் இருக்குமோ என்று நப்பாசையில் பார்த்தேன். பாட்டு மட்டும்தான். இடம் போதவில்லை என்று நானே எல்லாவற்றையும் துடைத்திருக்கிறேன். அன்றிலிருந்து அதைப் போடுவதில்லை.

அப்பாவுக்கு எழுதட்டுமா? என்ன எழுத வேண்டும் என்று சொல், எழுதுகிறேன். இல்லை, எழுதாதே என்றால் எழுதவில்லை.

பெட்டியின் பாஸ்வேர்டு கீழே இருக்கிறது. கேட்ட அன்றே கொடுத்திருக்க வேண்டும். நீ குழப்பிவிடுவாய் என்று சொன்னேன். உண்மையில், வீட்டில் எனக்கென்று இருக்கும் ஒரே வேலை அது. நான் இல்லாதபோதும் அவர்கள் என்னைத் தேட ஏதாவது ஒன்று வேண்டும் என்று இருந்தது. படிக்க அசிங்கமாக இருக்கும். எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறது.

கப்பல்காரன்


ஜூலை 22

கப்பல்காரருக்கு,

மாமாவுக்கு எழுத வேண்டாம். அவரே வந்தார்.

அம்மா வீட்டில் ஒரே அறைதான் என்று உங்களுக்குத் தெரியும். மாமா செருப்பைக் கழற்றி எங்கே விடுவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே உள்ளே வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு, "காப்புப் பெட்டி மறுபடி மஞ்சளா எரியுதும்மா" என்றார்.

"அப்படியா மாமா?"

"ஆமா. யாருக்கும் ஒண்ணும் புரியல." செருப்பை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "நான் கேக்காம அழிக்கச் சொன்னது தப்பு. கேட்டிருக்கணும்."

அவருக்குப் பின்னால் நின்றிருந்த என் அம்மா காதைத் தொடவில்லை. கட்டைவிரலால் மோவாயைத் தொட்டார். அப்புறம் சொல்றேன். மாமா போன பிறகு சொன்னார்: "பாவம்டி, அந்த மனுஷனுக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமே இல்ல. போய் அந்த விளக்கைப் பாரு."

வந்துவிட்டேன்.

நீங்கள் அனுப்பிய பாஸ்வேர்டு கிடைத்தது, நன்றி. அதற்கு முன்பே கொண்டை ஊசி கிடைத்துவிட்டது. பெட்டியோடு வந்த புத்தகத்தை நான் முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். இந்த வீட்டில் அதைப் பிரித்த முதல் ஆள் நான்தான், பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. பெட்டியின் பின்னால் ஒரு சின்னத் துளை இருக்கிறது. ஊசியால் அழுத்திப் பிடித்தால் பாஸ்வேர்டு மட்டும் அழியும், உள்ளே இருப்பது அழியாது. அத்தைதான் தன் கொண்டையிலிருந்து ஊசியை உருவிக் கொடுத்தார். "குத்திக் கித்தி வச்சிடாதே" என்றார். குத்தினேன். அலமாரிக்குள் ஒரு சத்தம் கேட்டது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். விளக்கு முதலில் அணைந்தது, பிறகு எரிந்தது.

உள்ளே போய்ப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, என்னுடையது மட்டும் இல்லை. அத்தையின் கேள்வித்தாள்கள் மே மாதத்தோடு நின்றுவிட்டன. விடுப்பின் கடைசி வாரத்தில் நீங்கள் பழைய கேபிளைச் சொருகிச் சோதித்துப் பார்த்தது மட்டும்தான் ஏறியிருக்கிறது. உங்கள் தங்கையின் வரைபடங்களில் முழுதாக ஒன்றுகூட இல்லை. பச்சை விளக்கு எரிந்துகொண்டேதான் இருந்தது. பெட்டிக்கு உயிர் இருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தமாம். நம்முடையது அதில் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. புத்தகத்தில் தெளிவாகப் போட்டிருக்கிறது.

அத்தையிடம் போய் நின்றேன். இந்தத் தடவை அவர் குறட்டை விடும் வரை காத்திருக்கவில்லை.

"அத்தை, மதியம் இந்தச் சுவிட்சை அணைக்கிறதாலதான் உங்க புதுக் கேள்வித்தாள் ஒண்ணும் இதுல ஏறல. உங்க லேப்டாப் போச்சுன்னா எல்லாம் போச்சு."

"என் கேள்வித்தாளா!" என்று எழுந்து உட்கார்ந்தார். "அடிப்பாவி, அதை மொதல்லயே வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

இப்போது மதியச் சுற்றில் அவர் மற்ற சுவிட்சுகளை அணைத்துவிட்டு, கடைசியாகப் பெட்டி எரிகிறதா என்று பார்த்துவிட்டுப் படுக்கிறார். மாமா தெரியாமல் பிளக்கில் கை வைத்ததற்கு அவருக்கு விழுந்த திட்டை இங்கே எழுத முடியாது. உங்கள் தங்கையின் மேசைக்குக் கேபிள் இழுத்துவிட்டேன். சாப்பிட உட்காரும்போது சொருகிவிட்டு எழும்போது எடுக்கிறாள். ஒவ்வொருவருடைய நகலிலிருந்தும் ஒன்றைத் திரும்ப எடுத்துத் திறந்து பார்த்துவிட்டுத்தான் சரி என்றேன். மாமாவின் குறுக்கெழுத்து வந்தது. பாதி நிரப்பியிருந்தது. அதையும் தப்பாக நிரப்பியிருந்தார்.

ஒரு நகல் வேறொரு வீட்டிலும் இருக்க வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. தீ, வெள்ளம் என்று என்னென்னவோ காரணம் போட்டிருக்கிறது. ஆகவே வாரம் ஒருமுறை ஒரு சின்ன டிஸ்கை எடுத்துக்கொண்டு என் அம்மா வீட்டுக்குப் போய் வைத்துவிட்டு, அங்கிருப்பதை எடுத்து வருகிறேன். யாரும் ஏன் என்று கேட்பதில்லை. தொழில்நுட்பக் காரணம்.

அத்தியாயத்தை இந்தப் பருவத்தில் கொடுக்க முடியவில்லை. அடுத்த பருவம்தான். நெறியாளர் சரி என்றார், ஆனால் இந்தத் தடவை எழுந்து நிற்கவில்லை. அந்த வருத்தம் எனக்குப் போகவில்லை. போய்விட்டது என்று எழுதினால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்பதற்காக எழுத மாட்டேன். கஞ்சித் தொட்டி அக்காவின் சைகைக்கு எதிரே அடைப்புக்குறியைத் திறந்து, ஒன்றும் எழுதாமல் மூடியிருக்கிறேன். அவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று அம்மா விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் கடைசியாக எழுதியது அசிங்கமாக இல்லை. உங்கள் கடிதங்களிலேயே அதை மட்டும்தான் இரண்டாவது தடவை படித்தேன். ஆனால் இனி அலமாரிப் பெட்டிக்காக உங்களை யாரும் தேட மாட்டார்கள். வேறு எதற்காவது தேடும்படி செய்துகொள்ளுங்கள்.

கடைசியாக, பெயர்கள். பெட்டிக்குள் எல்லாருக்கும் அவரவர் பெயரில் இடம் பிரித்துவிட்டேன். எனக்கு என்ன பெயர் போடுவது என்று ஹாலில் ஒரு கூட்டமே நடந்தது. 'மருமகள்' என்றார் மாமா. 'அண்ணி' என்றாள் உங்கள் தங்கை. நான் என் பெயரைப் போட்டேன். வாசல் பலகையில் மாமா பெயருக்குப் பின்னால் போட்டிருப்பதுபோல, என் பெயருக்குப் பின்னால் பட்டத்தையும் சேர்த்துப் போட்டேன். திரையில் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

ஹால் கம்ப்யூட்டர் இப்போது என் பெயரில்தான் திறக்கிறது. விடுப்பில் வரும்போது உங்களுக்கு வேண்டுமே என்று தனியாக ஒரு கணக்கு போட்டு வைத்திருக்கிறேன். உங்கள் படங்கள், கார் பந்தயம், மூன்று புதிய ஃபோல்டர்கள், எல்லாம் அதற்குள் இருக்கின்றன. என்ன பெயர் என்று பார்த்ததும் புரியும். பயப்பட வேண்டாம். டிக் செய்துவிட்டேன்; நானே திறந்தும் பார்த்துவிட்டேன். இந்த வீட்டில் இனிமேல் விருந்தாளிக்கும் காப்பு உண்டு.

பூனை